எழுபது பழுப்புக் கலங்கள்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. நாயின் முலைக்கட்டி, தெளிவான சாயம், நல்ல பழுப்பு. “சேர், நூற்றுக்கு எத்தனை என்று போடலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு அழகான பழுப்பைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. படத்தைப் பார்த்து எண்ணிக்கை சொல்ல மாட்டேன். அதற்குப் பதிலாக, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னர் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வாசித்துவிட்டு எத்தனை என்று நீங்களே போடுங்கள், அல்லது போடாமல் விடுங்கள்.

எதையும் எண்ணுகிறவன் நான் என்று உங்களுக்கு முன்னிருந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். பஸ்ஸில் ஏறினால் சனத்தை எண்ணுவேன், கல்யாண வீட்டில் கதிரைகளை எண்ணுவேன். மனைவி புட்டு அவித்தால் எத்தனை குழல் என்று கேட்டு ஏச்சு வாங்குவேன். வேலையிலும் அப்படித்தான். நுணுக்குக்காட்டியின் கீழே உயிர்க்கலங்களை எண்ணுவதில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. அதனால் நான் எண்ணிக்கைக்கு எதிரானவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த நாட்களில் நாங்கள் ஒரு சிறிய ஆய்வு செய்துகொண்டிருந்தோம். குடாநாட்டில் பெட்டை நாய்களுக்குக் கர்ப்பப்பை எடுப்பது குறைவு. பலர் கருத்தடை ஊசி போட்டே காலத்தைக் கடத்துவார்கள். அதனால் முலைக்கட்டியோடு வரும் நாய்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கட்டிகளில் பி.டி.-எல்1 என்ற புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. புரதம் இருக்கும் கலம் பழுப்பாகத் தெரியும், இல்லாதது நீலமாக நிற்கும்.

இந்தப் புரதம் என்ன செய்கிறது என்பதை இந்த ஊர் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். உடம்பின் காவல் கலங்கள் சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், நிற்பவர்களைப் போல. வருகிறவனை மறித்துப் பார்க்கும், பிழையானவன் என்றால் கொல்லும். சரியான அடையாள அட்டையைக் காட்டினால் விட்டுவிடும். சில புற்றுநோய்க் கலங்கள் அந்த அட்டையைக் காட்டித் தப்பிவிடுகின்றன. பி.டி.-எல்1 அந்த அட்டை. அட்டையைச் செல்லாமல் ஆக்கும் மருந்துகள் மனிதருக்கு வந்துவிட்டன. நாய்களுக்கும் வெளிநாடுகளில் வரத்தொடங்கியிருந்தன.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். சென்றியில் நிற்கிறவனுடைய சட்டைப்பையிலும் அட்டை இருக்கும். புண் உள்ள இடத்தில், அழற்சி உள்ள இடத்தில், காவலுக்கு வந்த விழுங்கு கலங்களும் இதே புரதத்தை அணிந்துகொள்கின்றன. அவையும் பழுப்பாகத்தான் தெரியும். புத்தகத்தில் இது ஒரு வரி. அந்த ஒரு வரி ஒரு வீட்டுக்குள் போனால் என்ன நடக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

ரோசி குருநகரில் ஒரு கடற்றொழில் வீட்டு நாய். வீட்டுக்காரர் சூசை. என்னைவிட வயது கூடியவர், ஆனால் அப்போதும் கரையில் கிழிந்த வலை பொத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகள் மேரி கனடாவில். வெளிநாடு போகும்போது குட்டியாக இருந்த ரோசியைத் தகப்பனின் கையில் கொடுத்துவிட்டுப் போனவள். வீடியோவில் அழைத்தால் முதலில் நாயைத்தான் காட்டச் சொல்வாளாம்.

ரோசிக்குப் பின்பக்க முலையில் கட்டி வந்தது. சத்திரசிகிச்சை செய்யும் மிருக வைத்தியர் கௌரி அதைப் பார்த்தார். கௌரி திறமையான கைகாரி, ஆனால் அவசரக்காரி. கட்டிக்கு மேல் தோல் காய்ந்து பொருக்குக் கட்டியிருந்தது, தோல் கட்டியோடு இறுகப் பிடித்திருந்தது. அப்படித் தோலோடு ஒட்டி உடைந்த கட்டி என்றால் முற்றியது என்றுதான் நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். வெட்டினாலும் பெரிய பலன் இராது என்று அவர் வீட்டாருக்குச் சொல்லிவிட்டார். விறைப்பூசி போட்டு ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்து எனக்கு அனுப்பினார்.

மேரி அங்கே சும்மா இருக்கவில்லை. புதிய மருந்தைப் பற்றி விசாரித்து, அங்குள்ள ஒரு மிருக வைத்தியரோடு கதைத்து, கட்டியில் இந்தப் புரதம் அதிகமாக இருந்தால் மருந்துக்கு முயற்சி செய்யலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். வெட்டி வதைக்க வேண்டாம், மருந்து வரும்வரை பொறுத்திருப்போம் என்பது அவளுடைய முடிவு. இப்படியாக எங்கள் ஆய்வுக்காகப் போட்ட சாயத்தின் எண்ணிக்கை, ஒரு நாயை வெட்டுவதா விடுவதா என்று சொல்லும் எண்ணிக்கையாக மாறிவிட்டது. அதை யாரும் என்னிடம் கேட்டு மாற்றவில்லை.

நான் எண்ணினேன். வழமைப்படி, பழுப்பு அதிகமாக இருக்கும் இடங்களைத் தேடி எண்ணினேன். நூற்றுக்கு எழுபது. மறுபடி எண்ணினேன். ஒன்றிரண்டு கூடக் குறைய, அதே எழுபது. எங்கள் ஆய்வில் அதுவரை யாரும் கண்டிராத எண்ணிக்கை.

கௌரி அழைத்தார்.

“சேர், றிப்போட் என்ன மாதிரி? மேரி விடாமல் கோல் எடுத்துக்கொண்டிருக்கிறா.”

“எண்ணிப்போட்டன்.”

“எத்தினை?”

“அது சொல்லமாட்டன்.”

“என்ன சேர் பகிடி விடுறியள்? எண்ணிப்போட்டன் எண்டும் சொல்லுறியள்.”

“எண்ணினது சரி பிள்ளை. என்னத்தை எண்ணினனான் எண்டுதான் எனக்குத் தெரியேல்லை.”

அவர் பெருமூச்சு விட்டது நன்றாகக் கேட்டது. “நீங்கள் பென்சனுக்குப் போக முதல் உந்த றிப்போட் வருமோ?” என்றார். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

என்னைக் குழப்பியது கலங்களின் தோற்றம். ஓரங்களில் அவை நசிந்து, நீண்டு, சுருங்கிக் கிடந்தன. எது புற்றுநோய்க் கலம், எது விழுங்கு கலம் என்று பிரிப்பது கடினம். பிரித்துக் காட்டும் வேறொரு சாயம் உண்டு. அது எங்களிடம் முடிந்துபோயிருந்தது, கொழும்பிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

நான் படித்த காலத்தில் எங்களுக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். சிலைட்டைக் கொடுத்தால் நுணுக்குக்காட்டியில் வைக்க மாட்டார். முதலில் யன்னலடிக்குப் போய், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெறுங்கண்ணால் பார்ப்பார். “முதலில் ஊரைப் பார், பிறகு வீட்டுக்குள் போ” என்பார். மாணவர்கள் நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று சிரிப்போம். அன்றைக்கு நான் அந்தச் சிலைட்டைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

பழுப்பு முழுத் துண்டிலும் இல்லை. தோல் பக்கத்தில் மட்டும் ஒரு பட்டையாக ஓடியது. நடுவில் கொஞ்சம் விட்டு, மறுபடி ஒரு பட்டை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். ஆழத்தில், உண்மையான கட்டி தொடங்கும் மூலையில், ஒரே நீலம். அந்த மூலை மிகவும் சிறியது, எண்ணுவதற்கும் போதாது.

கௌரியை அழைத்தேன்.

“எங்கை வெட்டினனீர்?”

“பொருக்குக்குப் பக்கத்திலை சேர். அதுதான் கைக்கு எட்டினது, ரோசி நிக்கவிடேல்லை.”

“பொருக்கு என்னெண்டு வந்ததாம்?”

“முள்ளுக்கம்பி வேலியிலை உரசினதாம். அப்பிடித்தான் சூசை ஐயா சொன்னவர்.”

முள்ளுக்கம்பி கிழிக்கும். ஒரே அகலத்தில் பக்கம் பக்கமாக இரண்டு பட்டை போடாது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வீக்கம் வந்தால் கம்பியைக் காய்ச்சி, ஓர் இழுவை, இரண்டு இழுவை என்று தோலில் குறி சுடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். நாய்க்குச் செய்வது குறைவு. ஆனால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வைத்தியரிடம் சொல்கிறவர்கள்தான் இல்லை. சொன்னால் ஏச்சு விழும்.

இது உண்மையானால் விஷயம் எழுபதோடு நிற்காது. என் பழுப்பு சூட்டுக் காயத்தின் பழுப்பு. கௌரி கண்ட ஒட்டலும் பொருக்கும்கூடச் சூட்டுக் காயத்தின் வேலை. அப்படியானால் கட்டி தோலைப் பிடிக்கவேயில்லை, முற்றவுமில்லை. வெட்டி எடுத்தால் நாய் பிழைக்கலாம். மருந்துக்காகக் காத்திருந்தால் அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் போய்விடும்.

நான் குருநகருக்குப் போனேன்.

சூசை வீட்டு வாசலில் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பொத்திக்கொண்டிருந்தார். ரோசி பக்கத்தில் படுத்திருந்தது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார், தேத்தண்ணி வந்தது. நான் எடுத்த எடுப்பில் எதுவும் கேட்கவில்லை. இந்தச் சோதனை எதைப் பற்றியது என்று சென்றியையும் அட்டையையும் வைத்துச் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப புற்றுநோய் அடையாள அட்டையோடை திரியுதெண்டு சொல்லுறியள்,” என்றார்.

“ஓம் அண்ணை. அப்பிடித்தான்.”

“நாங்கள் சண்டை நாளிலை கடலுக்குப் போறதுக்குப் பாஸ் எடுக்க எவ்வளவு வரிசையிலை நிண்டம். உதுக்கு வரிசையும் இல்லையோ?”

இருவரும் சிரித்தோம். இனி நான் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். “நாய்க்குக் குறி சுட்டீர்களா?” என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அவர் இல்லை என்றிருப்பார். அந்த வயதில் ஒரு மனிதர் ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு அந்த இடத்திலிருந்து அசையமாட்டார். அவர் பொய்காரர் என்பதால் அல்ல. அந்தக் கேள்விக்குள்ளேயே ஏச்சு இருக்கிறது. ஆகவே தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, சாதாரணமாக, எனக்கு வழமையான கேள்வியைக் கேட்டேன்.

“எத்தினை இழுவை இழுத்தனீங்கள் அண்ணை?”

வலை ஊசி நின்றது.

“ரெண்டு,” என்றார். “ரெண்டுதான். மூண்டாவதுக்குக் கம்பியை எடுக்க ரோசி என்னைப் பாத்தாள். போட்டிட்டன்.”

அவரே சாரத்தைக் கொஞ்சம் தூக்கி முழங்காலைக் காட்டினார். அதிலும் பழைய தழும்புகள் இருந்தன.

“என்ரை அப்பர் எனக்கு வைச்சது. நோவு போனது. கெடுதல் எண்டு நினைச்சுச் செய்யேல்லை ஐயா. கட்டி கரையும் எண்டுதான்.”

“தெரியும்.”

“மேரிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. அப்பா நீங்களும் ஒரு மனிசனோ எண்டு கேப்பாள். அவள் தந்திட்டுப் போனது.”

“மேரிக்கு நான் சொல்லமாட்டன். கௌரி டொக்டருக்குச் சொல்லத்தான் வேணும். வெட்டிறதோ விடுறதோ எண்டது இதிலைதான் கிடக்கு.”

“வெட்டினால் தப்புவாளோ?”

“சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் தப்பக்கூடிய நாய் எண்டு நினைக்கிறன். நேற்று அப்பிடி நினைக்கேல்லை.”

அவர் ரோசியின் மடிந்த காதை நிமிர்த்தி விட்டார். அது மறுபடி மடிந்தது.

கௌரிக்குச் சொன்னேன். “கொண்டுவரச் சொல்லுங்கோ, இப்பவே திருப்பிப் பாக்கவேணும்,” என்றார். அவரிடம் எனக்குப் பிடித்த குணம் அதுதான். தான் சொன்னதைக் காப்பாற்ற நிற்பதில்லை. இந்த முறை மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில், கட்டியின் அடியில் விரலைக் கொடுத்துப் பார்த்தார். கட்டி தசையின் மேல் தாராளமாக நகர்ந்தது. தோல் அந்த இரண்டு கோட்டில் மட்டும்தான் பிடித்திருந்தது. நெஞ்சுப் படத்தில் பரவலும் இல்லை.

“எடுக்கலாம் சேர்,” என்றார். “நல்லா எடுக்கலாம்.”

ஆனால் மேரி சம்மதிக்க வேண்டும். செலவும் அவளுடையது, நாயும் ஒரு கணக்கில் அவளுடையது. சூசையும் ரோசியும் கூட இருக்க, கௌரியின் அறையிலிருந்தே அழைத்தோம். திரையில் குளிர் அங்கி போட்ட ஒரு பெண். வேலைக்குப் போகும் வழியில் காருக்குள் இருந்து கதைத்தாள்.

“டொக்டர், நீங்கள்தானே முதல் சொன்னனீங்கள், தோலோடை ஒட்டிட்டுது, வெட்டிப் பிரியோசனமில்லை எண்டு?”

“ஓம், சொன்னனான்.”

“இப்ப வெட்டலாம் எண்டுறியள். என்னெண்டு மாறினது? மருந்துக்கு நான் இஞ்சை எல்லாம் கதைச்சு வைச்சிருக்கிறன். சும்மா அவளைப் போட்டு வதைக்காதையுங்கோ.”

கௌரி என்னைப் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தவன், சுவரைப் பார்த்தேன். “காயம் ஒன்று இருந்திருக்கிறது” என்று பொதுவாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இந்தப் பெண் அதோடு விடுகிற ஆள் இல்லை. என்ன காயம், எப்படிக் காயம் என்று கேட்பாள். சொல்லாவிட்டால் நம்பமாட்டாள். நம்பாவிட்டால் சம்மதிக்கமாட்டாள். அந்த அறையில் இருந்த மூவரில் அதை முதலில் விளங்கிக்கொண்டது யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் முதலில் எழும்பியவர் சூசை. கைபேசியைக் கௌரியின் கையிலிருந்து வாங்கினார். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்ததால் அவளுக்கு அவருடைய நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“அது ஒட்டேல்லைப் பிள்ளை,” என்றார். “நான் சுட்டது.”

“என்ன அப்பா?”

“குறி சுட்டனான். கட்டிக்கு. அதுதான் தோல் பிடிச்சது. டொக்டரிலை பிழையில்லை. நான் வேலிக்கம்பி எண்டு பொய் சொன்னனான்.”

காரின் சமிக்ஞை விளக்குச் சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்டது. அவள் அழுகிறாளா, ஏசப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

“உங்கடை முழங்காலுக்கு அப்பப்பா வைச்ச மாதிரியோ?” என்றாள்.

“ஓம் மோனை.”

“கத்தினவளோ?”

“இல்லை. பாத்தாள்.”

“வெட்டச் சொல்லுங்கோ,” என்றாள். தொடர்பு அறுந்தது.

கௌரி ரோசியின் அந்தப் பக்கத்து முலைகளை ஒன்றாக எடுத்தார். கட்டி முழுதாக எனக்கு வந்தது. இந்த முறை நானே நடுவில் வெட்டி, ஆழத்திலிருந்து துண்டு எடுத்தேன். சாயம் போட்டு எண்ணினேன். நூற்றுக்கு நாலு. ஓரங்கள் சுத்தம். கொடிய கட்டிதான், ஆனால் பரவ முன்னரே பிடிபட்டது. எழுபதை நம்பி மருந்துக்குக் காத்திருந்தால், அந்த மருந்துக்கு அந்தக் கட்டியில் செல்லாமல் ஆக்குவதற்கு அட்டையே இருந்திராது.

முதல் துண்டின் றிப்போட்டில் எழுபது என்று எழுதவில்லை. “சூட்டுக் காயம் பட்ட தோல், எண்ணத் தகாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆய்வுக்குப் பணம் தந்தவர்கள் இது என்ன வகையான முடிவு என்று கேட்டார்கள். இதுதான் முடிவு என்றேன்.

அதற்குப் பிறகு கௌரி ஒரு கேள்வி கேட்டார். “எங்கடை மற்றக் கட்டியளிலை உப்பிடி எத்தினை கிடக்குது சேர்?” எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் தொடக்கம் நாயின் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் அழைத்தோம். சுட்டீர்களா என்று கேட்கவில்லை. எத்தனை இழுவை என்றே கேட்டோம். சாவகச்சேரியில் ஒரு வாத்தியார் என்னை நன்றாக ஏசிவிட்டு வைத்தார். வல்வெட்டித்துறையில் ஒரு அம்மா, “மூண்டு, ஆனா அதை ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்று திருப்பிக் கேட்டார். பலருக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே விளங்கவில்லை, அது நல்லது. விளங்கியவர்களுடைய நாய்களின், எங்களிடம் இருந்த கட்டிகளை எல்லாம் மறுபடி ஆழத்திலிருந்து வெட்டி எண்ணினோம். ஆய்வு தாமதமானது, எண்ணிக்கைகள் சிறுத்தன, முடிவு சரியானது. நீங்கள் இன்று அந்த ஆய்வை நம்பி வேலை தொடங்குகிறீர்கள். நம்பலாம். நான் சொல்கிறேன்.

ஆகவே சிலைட்டை முதலில் வெளிச்சத்தில் பிடியுங்கள். எங்கே வெட்டியது என்று கேளுங்கள். அழகான பழுப்பு இருக்கும் இடத்தை மட்டும் தேடிப் போகாதீர்கள், அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குப் போகவேண்டி வந்தால் போங்கள். கேட்கும்போது ஏச்சை வெளியில் விட்டுவிட்டுக் கேளுங்கள். பிழை விட்டால் ஒரு நாய் போகும், ஒரு வீட்டில் தகப்பனும் மகளும் கதைக்காமல் போவார்கள். சரியாக இருந்தால் யாரும் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டார்கள். அதை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ரோசியைக் கடைசியாகப் பார்த்தது நான் ஓய்வு பெற்ற பிறகு. சும்மா பார்க்கலாம் என்று போனேன். படலையைத் திறந்ததும் பாய்ந்து வந்து குரைத்தது. உள்ளே போகவே விடவில்லை. வயிற்றுப் பக்கத்தில் மயிர் முளைத்து வெட்டின இடம் தெரியவில்லை, உடம்பும் வைத்திருந்தது. சூசை வந்து கழுத்தில் பிடித்துக்கொண்டார். அவர் கை பட்டதும் அடங்கிவிட்டது.

“பாருங்கோ ஐயா,” என்றார், “சுட்ட என்னிலை ஒரு கோவமும் இல்லை. உங்களைக் கண்டால்தான் கடிக்க நிக்கிறாள்.”

“நான்தானே வெட்ட வைச்சது.”

“ஓம். அதுதான்.”

அவர் கையை எடுத்ததும் ரோசி மறுபடி குரைத்தது, எத்தனை தரம் என்று எண்ணிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இடையில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.